அடித்தண்ணீர்

தண்ணீர் கலங்கியிருந்தால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். அவள் ஒருத்திதான் தெளிந்திருந்தால் பயப்படுவாள். பெரிய வடிகாலில் தண்ணீர் காவி நிறத்தில், குச்சியும் நுரையுமாக ஓடினால் அவளுக்கு அன்றைக்கு நிம்மதி. அதே தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்று, அடியில் கிடக்கும் சோடா மூடி வரை தெரிந்தால் தொண்டையில் சோறு இறங்காது.

காரணம் மண்ணில் இருந்தது. அந்தத் தாழ்ந்த வயல்களுக்கு அடியில், என்றைக்கோ கடல் விட்டுவிட்டுப் போன கறுப்புச் சேறு படுத்திருக்கிறது. நனைந்து கிடக்கிறவரை அது பரம சாது. கோடையில் நிலம் வெடித்து, வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே இறங்கிவிட்டால் போதும், அதிலிருக்கும் கந்தகம் அமிலமாகிவிடும். முதல் மழை அத்தனையையும் கழுவி வடிகாலில் கொண்டுவந்து கொட்டும். வருகிற அமிலம் சும்மா வராது, மண்ணிலிருக்கும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு வரும். அந்த அலுமினியம் தண்ணீரில் மிதக்கிற தூசி தும்பையெல்லாம் திரட்டி அடியில் உட்கார்த்திவிடும். அதனால்தான் அந்தத் தெளிவு. மீன் அதில் மூச்சு விட்டால் செவுள் வெந்துபோகும்.

இதை அவள் கூட்டம் போட்டுச் சொன்னாள், படம் வரைந்து சொன்னாள், தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். "அப்போ அழுக்குத் தண்ணிதான் நல்ல தண்ணியா? உங்க வீட்டுக் குழாய்ல எந்தத் தண்ணி வருதுக்கா?" என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்குப் புளிப்பக்கா என்று பெயர். வடிகால் சங்கத்துச் சம்பளப் பட்டியலில் அவள் தண்ணீர்ப் பரிசோதகர். வரப்பில் நடந்தால் மட்டும், "புளிப்பக்கா, இன்னைக்கு ஊறுகாய் போடலாமா?" என்ற குரல் ஏதாவது ஒரு வயலிலிருந்து நிச்சயம் வரும். அவளும் பதிலுக்கு, "உப்பு மட்டும் எடுத்துட்டு வாங்க" என்பாள்.

வடிகால் முடிந்து கழிமுகம் தொடங்குகிற இடத்தில் மதகு. இரும்புப் பலகை ஒன்று தண்ணீருக்குக் குறுக்கே இறங்கி நிற்கும். மேலே பாலம். பாலத்து ஓரத்தில் தகரக் கூரை போட்ட அவளுடைய அறை. அறையில் ஒரு மேஜை, ஒரு ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில், தண்ணீரின் புளிப்பை அளக்கிற மீட்டரைச் சரிபார்க்கும் திரவப் பாட்டில்களும், மதகுக்காரரின் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகக் குடியிருக்கும். மீட்டரின் முனையைக் காயவிட்டால் அது செத்துவிடும் என்பதால், தினமும் ஈர மூடி போட்டு, பச்சைக் குழந்தையைத் தூங்கவைப்பது போலப் பெட்டியில் வைப்பாள். மதகைத் தூக்குகிற இரும்புக் கைப்பிடியும் அவளிடம்தான் இருக்கும். அவள் சரியென்று சொல்லி எடுத்துக் கொடுத்தால்தான் மதகுக்காரர் அதை மாட்டிச் சுற்றலாம்.

எப்போது கொடுக்கலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு. மீட்டரில் ஏழு காட்டினால் சாதாரணத் தண்ணீர், குறையக் குறையப் புளிப்பு. ஐந்துக்குக் கீழே போனால் திறக்கக் கூடாது. அதையும் ஒரு இடத்தில் பார்த்தால் போதாது. மேலே, நடுவே, அடியே என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். அதற்காக மீட்டரின் நீண்ட கேபிளில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நாடா சுற்றியிருந்தாள். சிவப்பு நாடா தண்ணீரைத் தொட்டால் முனை அடியில் இருக்கிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீர் லேசு, மேலேயே நிற்கும். மண்ணிலிருந்து கசிந்து வரும் புளித்த தண்ணீர் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். மதகுப் பலகையோ கீழிருந்து மேலே தூக்குவது. திறந்ததும் முதலில் பாய்வது அடித்தண்ணீர்தான். இந்த விதியைச் சங்கத்தில் சண்டை போட்டு எழுத வைத்தவளே அவள்தான்.

மதகுக்கு மேல்புறம், எல்லா வயலுக்கும் தாழ்ந்த வயல் அவளுடைய அண்ணனுடையது. மதகுக்குக் கீழ்ப்புறம், கழிமுகத்தில் கூண்டு கட்டி மீன் வளர்ப்பது அவளுடைய தங்கையும் தங்கை புருஷனும். நடுவில் கேபிளும் கையுமாக அவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள், உறவு என்று சொன்னால் இந்த இரண்டு வீடும்தான். அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புப் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் அவள் வேலையாக அமைந்தது யார் செய்த வினையோ!

போன வருஷம் இதே பருவத்தில் அவள் மதகைத் திறக்க மாட்டேன் என்று நின்றாள். அண்ணனின் நாற்று தண்ணீருக்குள்ளேயே அழுகிப்போனது. அண்ணன் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். அப்பா போன பிறகு தன் படிப்பை விட்டுவிட்டு வயலில் இறங்கி, இவளைக் கல்லூரிக்கு அனுப்பிய மனிதர். ஏதாவது கேட்க வேண்டுமானால் அண்ணிதான் போன் செய்வாள். "உங்கண்ணன் கேக்கச் சொன்னார்" என்று தொடங்குவாள், பின்னாலிருந்து அவர் தொண்டையைச் செருமுவது கேட்கும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, ஒரே பெஞ்சின் இரண்டு கோடியில் அண்ணனும் அவளும் உட்கார்ந்திருந்தார்கள். வெந்நீர் ஃபிளாஸ்க் நர்ஸ் கை வழியாகத்தான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை நினைத்தால் அவளுக்கு இப்போதும் கூசும்.

இந்த வருஷக் கோடை நீண்டுவிட்டது. நிலம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது. வயல்களில் தண்ணீர் ஏற, வடிகால் நிறைந்து, தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும் அவள் மீட்டர் பெட்டியைத் திறந்தாள். மீட்டரை இறக்கினாள். மேலே நாலு, அடியில் மூன்றரை. மதகை மூடச் சொல்லிவிட்டாள். புளிப்பை முறிக்கச் சங்கத்திலிருந்து சுண்ணாம்பு மூட்டைகள் வந்தன. அவளும் மதகுக்காரரும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கொட்டினார்கள். அவ்வளவு பெரிய வடிகாலுக்கு அது எம்மாத்திரம்.

"பச்சைப் பிள்ளைக்குப் பவுடர் போடுற மாதிரி இருக்கு மேடம்" என்றார் மதகுக்காரர், முகமெல்லாம் வெள்ளையாக. அவருக்கு எந்த நேரத்திலும் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அக்கா, அடுத்த வாரம் மீன் எடுக்க லாரி சொல்லியாச்சு. இந்த ஒரு பிடிப்புலதான் எல்லாமே இருக்கு. மதகு திறக்கிற மாதிரி இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடு. கூண்டையெல்லாம் இழுத்து ஆத்து முகத்துக்குக் கொண்டு போக ஒரு பகல் வேணும்."

"நான் சொல்லாம எவன் திறப்பான்? கைப்பிடி எங்கிட்டதானே இருக்கு."

"அதான் நிம்மதியா தூங்குறேன்" என்றாள் தங்கை.

இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்து அவள் போனபோது பாலம் முழுக்க ஆட்கள். எல்லோருடைய நாற்றும் தண்ணீருக்குள் இருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் அழுகிவிடும் என்பது அவர்களைப் போலவே அவளுக்கும் தெரியும். யாரும் இன்றைக்கு ஊறுகாய் ஜோக் சொல்லவில்லை. அண்ணன் கூட்டத்தோடு சேராமல், பாலத்தின் அந்தக் கோடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றிருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு வருஷத்தில் அண்ணன் இவ்வளவு மெலிந்துவிட்டாரா என்று அவளுக்குத் திக்கென்றது.

"என்னக்கா, தண்ணி எப்படித் தெளிஞ்சிருக்கு பாருங்க. பல்லு விளக்கலாம்" என்றார் கூட்டத்திலிருந்து ஒருவர்.

"அதான்யா பயமே" என்று சொல்லிவிட்டு மேஜையில் மீட்டரை வைத்தாள். ஏழு காட்ட வேண்டிய திரவத்தில் முக்கினாள், ஏழு காட்டியது. கழுவி நாலில் முக்கினாள், நாலு காட்டியது. மீட்டர் பொய் சொல்கிறது என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லோரும் பார்க்கவே செய்தாள். பிறகு பாலத்துக்கு நடுவில் வந்து கேபிளை இறக்கினாள்.

வெள்ளை நாடா தண்ணீரைத் தொட்டது. எண்கள் தடுமாறின. நாலு, ஐந்து, ஐந்தரை. ஏறி ஏறி ஆறைத் தாண்டி நின்றது.

"ஆறு!" என்று பக்கத்திலிருந்தவர் கத்தினார். "ஆறு புள்ளி ரெண்டு! எல்லாரும் பாருங்க!" பாலமே ஆடியது. யாரோ யாரையோ கட்டிப்பிடித்தார்கள்.

அது இரவு பெய்த மழை. மேலே போர்வை மாதிரி கிடக்கிறது. அவளுக்கு அது தெரியாதா? குனிந்து பார்த்தாள். சோடா மூடி தெரிந்தது. அதைச் சுற்றி, கழுவி விட்ட தரை மாதிரி சுத்தமான அடி. மீட்டரே தேவையில்லை, அந்த மூடியே போதும். ஆனாலும் விதி விதிதான். மஞ்சள் நாடாவுக்கும் சிவப்பு நாடாவுக்கும் இறக்க வேண்டும், எண்ணைச் சொல்ல வேண்டும், இத்தனை முகமும் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். கேபிளைத் தளர்த்தினாள்.

"பாப்பா."

அந்தப் பெயரில் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருத்தர்தான். அவள் திரும்பினாள். அண்ணன் கிட்டத்தில் வந்து நின்றிருந்தார். கையில் டிபன் பாக்ஸ்.

"சாப்பிட்டியா?" என்றார்.

 தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று.

"விடிஞ்சதுலேர்ந்து நிக்கிறியாம்ல. அண்ணி குடுத்து விட்டா." பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல நின்றார். மழையில் அதன் மூடி மேல் நீர் முத்து முத்தாக நின்றது. "ஆறிடும்."

அந்தக் கேள்வியை அண்ணன் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் கேட்டாரா, இல்லை பசியோடு நிற்கிற தங்கையைப் பார்த்து வாய் தானாகக் கேட்டதா என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவள் செய்தது ஒன்றுதான். கேபிளைச் சுற்றத் தொடங்கினாள். மஞ்சள் நாடா நனையவில்லை. சிவப்பு நாடா நனையவில்லை. கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு வேறு யாரோ சுற்றுவது போல இருந்தது.

மதகுக்காரர் பக்கத்தில் வந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேடம், அடியில?" என்றார்.

"போதும்."

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். எப்போதும் சிரிக்கிறவர் அப்போது சிரிக்கவில்லை. அவள் அறைக்குள் போய்க் கைப்பிடியை எடுத்து வந்து அவரிடம் கொடுத்தாள்.

பலகை கிறீச்சிட்டு ஏறியது. கீழே தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வயலைப் பார்க்க ஓடினார்கள். அவளும் அண்ணனும் அறை வாசற்படியில் உட்கார்ந்தார்கள். அவள் சாப்பிட்டாள். அண்ணன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார், மருந்து மாற்றியதைச் சொன்னார், அண்ணி கத்திரிக்காய் போட்டுப் பூச்சி தின்றதைச் சொன்னார். ஒரு வருஷமாகச் சேர்ந்துபோன அற்ப விஷயங்கள். இதையெல்லாம் கேட்க அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்! அவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. காலுக்கு அடியில் படி அதிர்ந்துகொண்டே இருந்தது.

தங்கைக்கு ஒரு போன் பண்ண வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பண்ணலாம் என்று நினைத்தாள். கை கழுவினாள். போனைக் கையில் எடுத்தாள். என்ன சொல்வது? ஆறு புள்ளி இரண்டு தண்ணீருக்கு யாராவது எச்சரிக்கை சொல்வார்களா? கூண்டை இழு என்று சொன்னால், அடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடும். போனைப் பைக்குள் போட்டாள். இவ்வளவு மழை பெய்திருக்கிறது, கலந்துவிடும், கடல் உள்வாங்கும்போது வற்றம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசுக்கு விரும்பியதைச் சொல்லிக்கொடுத்தால் அது எவ்வளவு சமத்தாகக் கேட்டுக்கொள்கிறது.

அண்ணன் போன பிறகு அவளால் உட்கார முடியவில்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு பாலத்தின் கீழ்ப்புறம் போய், பாய்கிற தண்ணீரிலேயே முனையை விட்டாள். மூன்று புள்ளி ஏழு. "மூடுங்க! மூடுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். மதகுக்காரர் எதுவும் கேட்காமல் சுற்றினார். பலகை அடியில் இடித்து நின்றபோது அவளுடைய பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்னக்கா பண்ணட்டும்? அக்கா, கேக்குதா?"

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூண்டுக்குள் இருந்ததால் ஓட ஒரு வழியில்லை. வெள்ளை வயிறுகளாகத் தண்ணீர் மேலே அடைத்துக்கொண்டு நின்றன.

மறுநாள் காலை அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது அண்ணன் போன் செய்தார். அண்ணி இல்லை, அவரே. "பாப்பா, நாத்து தலை தூக்கிடுச்சு. போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றார். குரலில் அப்படியொரு சந்தோஷம். அவருக்கு இன்னும் சேதி எட்டவில்லை. அவள் சொன்னாள். 

"நீ பாத்துட்டுத்தானே திறந்தே?" என்றார் அண்ணன்.

"ம்" என்றாள்.

தங்கை வீட்டுக்குப் பின்னால் கரையில் மீனைக் குவித்திருந்தார்கள். நாற்றம் தெருமுனையிலேயே வரவேற்றது. தங்கை கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். தலை கலைந்து, கண் வீங்கி, ஆனாலும் வாய் ஓயவில்லை. பக்கத்துக் கூண்டுக்காரர்கள் நாலைந்து பேர் துணைக்கு நின்றார்கள். அவர்களுக்கும் நஷ்டம்தான், இவ்வளவு இல்லை.

"மதகு திறந்த அன்னைக்கே இப்படி ஆகுதுன்னா..." என்று ஒருவர் இழுத்தார்.

தங்கை சீறினாள். "தண்ணி மேல பழி போடாதீங்க. எங்க அக்கா பாத்துட்டுத்தான் திறந்தா. ஆறுக்கு மேல இருந்துச்சு, ஊரே பாத்துச்சு. போன வருஷம் சொந்த அண்ணன் வயலே அழுகினப்பக்கூட மசியாதவ அவ. எங்களை விட்டுடுவாளா? எல்லாம் இந்த மனுஷன் பண்ணின வேலை. விலை மலிவா கிடைக்குதுன்னு தீவனத்தை மாத்தினார். வேணாம் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

அந்த மனுஷன் குழி வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டியை நிறுத்தவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. குழிக்குப் பக்கத்தில் பிரிக்காத தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றையும் புதைக்கப் போகிறான் என்று தெரிந்தது. அவளைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கிட்டத்தில் வந்தான்.

"அக்கா, நீங்க படிச்சவங்க. தீவனத்தால இப்படி ஒரே நாள்ல ஆகுமா?"

அவள் வாய் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "ஆகும் போலத்தான் இருக்கு. யோசிச்சுப் பாத்தா அந்த மூட்டையைப் பிரிக்கும்போதே லேசா ஒரு பூஞ்சை வாடை அடிச்சுது. நான்தான் கவனிக்கல. நேத்து ராத்திரியெல்லாம் அந்த வாடைதான் மூக்குல நிக்குது." இல்லாத வாடை. குற்றத்தைச் சுமந்துகொள்ள ஒரு ஆள் கிடைத்துவிட்டான், அதற்கு வேண்டிய சாட்சியையும் அவனே தயார் பண்ணிக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து ஒரு மீனை எடுத்து, செவுளைத் திறந்து பார்த்தாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் பார்த்தாள். வெந்த சதை மாதிரி வெளுத்து, கோழை கட்டி, ஓரத்தில் துரு நிறத்தில் படிந்திருந்தது. இந்தச் செவுளைத்தான் அவள் கூட்டம் கூட்டமாகப் படம் போட்டுக் காட்டினாள். அப்போது தூங்காமல் கேட்டவர்களில் ஒருத்தர் இங்கே இருந்தால்கூட இப்போது அவளைத் திரும்பிப் பார்த்திருப்பார். யாரும் பார்க்கவில்லை.

பேசாமல் இருந்துவிடலாம். அது எவ்வளவு சுலபம் என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. தீவனம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மதகுக்காரர் வாயைத் திறக்க மாட்டார். அண்ணன் தினமும் போன் செய்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருக்கும் அம்மாவைப் பார்க்க, அவர் வயலுக்குப் போகிற நேரம் பார்த்து ஒளிந்து போக வேண்டியதில்லை, நேராக வாசல் வழியாகப் போகலாம். தங்கைக்கு அக்கா மேல் இருக்கிற நம்பிக்கை அப்படியே இருக்கும். இந்த ஒருத்தன் மட்டும் மிச்ச காலமெல்லாம் இல்லாத வாடையை மோந்துகொண்டு, பெண்டாட்டியிடம் வாய் திறக்க முடியாமல் கிடப்பான்.

அவன் ஒரு தீவன மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு குழியைப் பார்த்து நடந்தான்.

"தம்பி, அதை இறக்கி வைங்க" என்றாள்.

அவன் நின்றான். தங்கையும் கூடையிலிருந்து நிமிர்ந்தாள்.

"தீவனம் இல்ல. தண்ணிதான்."

"என்னக்கா சொல்றே?" தங்கை சிரிக்கக்கூடப் பார்த்தாள். "ஆறு இருந்துச்சே."

"மேல ஆறு இருந்துச்சு. அடியில நான் பாக்கல."

  தங்கை எழுந்து அவளுக்கு நேராக வந்து நின்றாள். கையில் ஒட்டியிருந்த மீன் செதில் பளபளத்தது.

"பாக்கலையா? மூணு இடத்துல பாக்கணும்னு சட்டம் பேசுறவளே நீதானே. மறந்துட்டியா?"

"மறக்கல."

"மீட்டர் கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன்க்கா பாக்கல?"

அவள் வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். மழை, கூட்டம், நெருக்கடி, நாற்று. எல்லாமே கேட்க நன்றாகத்தான் இருந்தன. தங்கையின் முகத்துக்கு நேராக ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

"அண்ணன் எங்கிட்டப் பேசினார்டி" என்றாள்.

தங்கைக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அந்த ஒரு வருஷத்தை அவளும் பார்த்தவள்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தவளே அவள்தான். வீங்கிய கண்களால் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பேசினார்?"

"சாப்பிட்டியான்னு கேட்டார்."

 தங்கை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளைத் தாண்டிப் புருஷனிடம் போய், அவன் தோளிலிருந்த மூட்டையைத் தானே பிடித்து இறக்கி வைத்தாள். அவன் முதுகில் கையை வைத்தபடியே வெகுநேரம் நின்றாள். ஒரு தடவைகூட அவள் அக்கா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.